மாதம் 50 ஜிபி சாட்டிலைட் இணைப்பு 12 நாளில் தீர்ந்துவிடுகிறது: எங்கே ஒழுகுகிறது, எப்படி அடைப்பது?

கேள்வி: சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் மீன் கொள்முதல் கூடம், அதை ஒட்டியே வீடு. ஃபைபர் இன்னும் வரவில்லை. மொபைல் சிக்னல் மொட்டைமாடியில் ஒரு கோடு காட்டும், கீழே இறங்கினால் அதுவும் போய்விடும். அதனால் ஒரு மீட்டர் டிஷ் வைத்து சாட்டிலைட் இணைப்பு எடுத்திருக்கிறோம். மாதம் 50 ஜிபி, அதைத் தாண்டினால் வேகம் 512 கேபிபிஎஸ் ஆகிவிடும். இரண்டு கணினி, ஏழு போன், ஒரு ஸ்மார்ட் டிவி, இரண்டு வைஃபை கேமரா இருக்கின்றன. யாரும் படம் பார்ப்பதில்லை என்கிறார்கள். ஆனாலும் 12 நாளில் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

யாரும் படம் பார்ப்பதில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். இப்படிப்பட்ட இணைப்புகளில் டேட்டாவின் பெரும்பகுதி மனிதர் பார்த்துத் தீர்வதில்லை. போன், கணினி, டிவி, கேமரா எல்லாமே வைஃபை என்றால் அளவு கிடையாது என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. மொபைல் டேட்டாவில் அடக்கமாக இருக்கும் அதே போன், வைஃபை கிடைத்ததும் படங்களை மேலே ஏற்றும், ஆப்களைப் புதுப்பிக்கும், வாட்ஸ்ஆப் குழுவில் வந்த வீடியோ அத்தனையையும் யாரும் தொடாமலே இறக்கி வைக்கும். அந்த வைஃபைக்குப் பின்னால் அளந்து விற்கும் சாட்டிலைட் இருப்பது அதற்குத் தெரியாது. அதை ஒவ்வொரு கருவிக்கும் தெரிவிப்பதுதான் பாதி வேலை. மீதிப் பாதி, தெரிவித்தாலும் கேட்காத கருவிகளை ரவுட்டரிலேயே நிறுத்துவது.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் எது ஓடினாலும் 450 எம்பி போகும். 2 எம்பிபிஎஸ் என்றால் 900 எம்பி. இதை வைத்து எதையும் எடைபோடலாம். வாட்ஸ்ஆப்பில் குரல் அழைப்பு மணிக்கு 30 எம்பி அளவில்தான் போகும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் பக்கத்திலேயே சொல்லும் அளவு: குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, சாதாரணத் தரத்தில் 0.7 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை. யூடியூபில் 360பி வைத்தால் மணிக்கு 300 எம்பி அளவு, 1080பி என்றால் 2 ஜிபிக்குப் பக்கம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் மணிக்கு அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை.

50 ஜிபியை 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 1.67 ஜிபி. அதில் மாதம் 8 ஜிபியைத் தவிர்க்க முடியாத செலவுகளுக்கு ஒதுக்குங்கள். மீதி நாளுக்கு 1.4 ஜிபி. இதுதான் உங்கள் படி. இப்போது 12 நாளில் தீர்கிறது என்றால் நாளுக்கு 4.2 ஜிபி போகிறது. அதாவது உங்களுக்குக் கிடைக்கும் 1.67 ஜிபிக்கு மேல் நாளுக்கு 2.5 ஜிபி எங்கோ தேவையில்லாமல் போகிறது. இவ்வளவு பெரிய ஓட்டையைக் கண்டுபிடிப்பது எளிது.

ஒரு சின்னக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். நிறுவனம் 1 ஜிபியை 1000 எம்பி என்று எண்ணினால், 1024 கணக்கில் எண்ணும் ரவுட்டரில் 46.6 காட்டும்போதே உங்கள் 50 ஜிபி முடிந்துவிடும். 3 ஜிபியைத் திருடிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள் பலர். அது எண்ணும் முறையில் வரும் வித்தியாசம். இறக்கியது மட்டுமல்ல, ஏற்றியதும் சேர்ந்துதான் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், காரணம் அந்த இரண்டு கேமரா.

கேமராவுக்குப் போகும் முன் ஒரு சோதனை. இரவு 10 மணிக்கு எல்லோரும் படுக்கப்போகும்போது மோடத்தின் அமைப்புப் பக்கத்திலோ நிறுவனத்தின் கணக்குப் பக்கத்திலோ உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு மறுபடி பாருங்கள். ஏழு போனும் சும்மா கிடந்தால் எட்டு மணி நேரத்தில் 50, 100 எம்பி போவது இயல்பு. 500 எம்பிக்கு மேல் போயிருந்தால் ஏதோ ஒரு கருவி தானாக வேலை செய்கிறது. மறுநாள் இரவு கேமராக்களின் இணைப்பைக் கழற்றிவிட்டு அதே சோதனை, அதற்கடுத்த இரவு கணினிகளையும் டிவியையும் சுவிட்சோடு அணைத்துவிட்டு. மூன்றே இரவில் ஆள் பிடிபடும். டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, அது தூங்கும்போதும் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளும்.

இப்போது கேமரா. சாதாரண வைஃபை கேமரா ஒன்று 1 எம்பிபிஎஸ் அளவில் படம் அனுப்பும். நாள் முழுக்க அனுப்பினால் ஒரு கேமராவுக்கு 10.8 ஜிபி. உங்களுடையது அசைவு தெரிந்தால் மட்டும் நிறுவனத்தின் கிளவுடுக்கு ஏற்றும் வகையாக இருக்கும், இல்லையென்றால் 50 ஜிபி மூன்று நாள்கூடத் தாங்காது. ஆனால் மீன் இறங்கும் கூடத்தில் அசைவுக்கு என்ன பஞ்சம்? காகம், நாய், காற்றில் ஆடும் பனையோலை, தார்ப்பாய், இரவில் விளக்கைச் சுற்றும் பூச்சி எல்லாமே அசைவுதான். ஒரு கேமரா நாளில் மூன்று மணி நேரம் ஏற்றினாலே இரண்டுக்கும் சேர்த்து 2.7 ஜிபி. உங்கள் ஓட்டையின் அளவோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது.

தீர்வு: கிளவுடு பதிவை முழுதாக நிறுத்துங்கள். கேமராவிலேயே மெமரி கார்டு போடுங்கள். 128 ஜிபி கார்டு 1 எம்பிபிஎஸ்ஸில் இடைவிடாமல் பதிந்தாலும் 11 நாளுக்கு மேல் தாங்கும், அதன் பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதும். அடிக்கடி எழுதி அழிக்கும் வேலைக்கென்றே ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று போட்டு விற்கும் கார்டை வாங்குங்கள், சாதாரணக் கார்டு சீக்கிரம் செத்துப்போகும். பின்னால் கேமராக்களை நான்காக்கினால் என்விஆர் எனும் பதிவுப் பெட்டியும் 1 டிபி ஹார்டு டிஸ்க்கும் போடலாம். நான்கு கேமராவுக்கு அது 23 நாள் வரும். வெளியூரில் இருந்து பார்க்க வேண்டியிருந்தால் ‘சப் ஸ்ட்ரீம்’ என்ற சிறிய படத்தை மட்டும் 256 கேபிபிஎஸ்ஸில் அமையுங்கள். மணி நேரம் முழுக்கப் பார்த்தாலும் 115 எம்பிதான்.

அடுத்து போன். ஏழு போனையும் ஒரே நாளில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை பட்டியலில் உங்கள் இணைப்பின் பெயரைத் தொட்டால் உள்ளே ‘மீட்டர்டு’ (அளந்து விற்கும் இணைப்பு) என்று ஒரு தேர்வு இருக்கும். அதை ‘ட்ரீட் அஸ் மீட்டர்டு’ என்று மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றம் பல ஆப்களைத் தானாக அடக்கிவிடும். ஐபோனில் அதே இடத்தில் ‘லோ டேட்டா மோடு’. பிறகு வாட்ஸ்ஆப்: செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வுக்குள் போய், ‘வைஃபையில் இருக்கும்போது’ என்ற வரியில் படம், ஒலி, வீடியோ, ஆவணம் எல்லாக் குறியையும் எடுத்துவிடுங்கள். பலரும் மொபைல் டேட்டா வரியை மட்டும் மாற்றிவிட்டு வைஃபை வரியை விட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்ஆப் பேக்கப்பில் வீடியோ வேண்டாம் என்று வையுங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப்பை அணையுங்கள்: போனில் எடுத்த ஒரு நிமிட 1080பி வீடியோ 120 எம்பிக்கு மேல் வரும், மீன் ஏலத்தைப் பத்து நிமிடம் எடுத்தால் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். பிளே ஸ்டோரில் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துங்கள். வங்கி ஆப், யுபிஐ ஆப், வாட்ஸ்ஆப் மூன்றையும் மாதம் ஒருமுறை கையால் புதுப்பித்தால் போதும். ஒரே வீடியோவை வீட்டில் நாலு பேர் தனித்தனியாக இறக்க வேண்டாம். ஒருவர் இறக்கி ‘குயிக் ஷேர்’ வழியாகக் கொடுத்தால் மற்றவர்களுக்கு ஒரு எம்பிகூடச் செலவில்லை.

கணினியில் விண்டோஸ் என்றால் வைஃபையின் பண்புகளுக்குள் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ இருக்கும், அதை இயக்குங்கள். கேபிள் போட்டிருந்தால் ஈதர்நெட்டுக்குள்ளும் தனியாக இயக்க வேண்டும், அது தானாக வராது. விண்டோஸின் மாதாந்திரப் புதுப்பிப்பு சில நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேல்வரை போகும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரியது 3, 4 ஜிபி. ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பை அடியோடு விட்டுவிடாதீர்கள், வங்கிக் கணக்கு பார்க்கும் கணினி அது. மடிக்கணினியை மாதம் ஒருமுறை இராமநாதபுரமோ கீழக்கரையோ போகும்போது எடுத்துப்போய், நல்ல 4ஜி அல்லது ஃபைபர் கிடைக்கும் இடத்தில் வைத்து முடித்துவிடுங்கள். மேசைக் கணினிக்கு ‘மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்’ தளத்தில் அந்த மாதக் கோப்பைப் பென் டிரைவில் இறக்கி வந்து நிறுவலாம்.

டிவியைப் பற்றி ஒரே வார்த்தை: இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சீரியல், செய்தி, கிரிக்கெட் எல்லாம் டிடிஎச்சில் பாருங்கள். அதுவும் சாட்டிலைட்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாவதால் எவ்வளவு பார்த்தாலும் டேட்டா கணக்கு கிடையாது. பிள்ளைகளின் பாடத்துக்கு டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வரும் பிஎம் இ-வித்யா சேனல்கள் மாதச் சந்தா இல்லாமல் கிடைக்கும். யூடியூப் பாடம் கட்டாயம் என்றால் போனில் 360பியில் ஒருமுறை இறக்கிவைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்கட்டும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கான தகவல் செலவு வைக்காது. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பும் அலை முன்னறிவிப்பும் எழுத்தாகப் படித்தால் சில கேபிதான். காற்று ஓடுவதை அசைபடமாகக் காட்டும் வரைபடத் தளங்களை நாள் முழுக்கத் திறந்து வைப்பதுதான் செலவு.

இத்தனை செய்தாலும் கூடத்துக்கு வரும் வியாபாரி, வண்டி டிரைவர் ஒருவரிடம் கடவுச்சொல் போனால் பழையபடி ஆகிவிடும். அதனால் நல்ல ரவுட்டர் ஒன்று தேவை. சாட்டிலைட் மோடத்தோடு வந்த வைஃபையை அணைத்துவிட்டு, ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ரவுட்டர் மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டரை அதன் பின்னால் மாட்டுங்கள். 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ராமும் இருந்தால் போதும். அதில் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, என்எல்பிடபிள்யூமான் என்ற சிறு நிரல். எந்தக் கருவி எவ்வளவு இறக்கியது, ஏற்றியது என்று தனித்தனியாகக் காட்டும். போன்களுக்குப் பெயர் சூட்டி வைத்தால் ஊகத்துக்கே இடமில்லை.

இரண்டாவது, விருந்தினருக்குத் தனி வைஃபை பெயர். அதற்கு 512 கேபிபிஎஸ் வேகவரம்பு, இரவு 10 முதல் காலை 5 வரை தானாக அணைந்துவிடும்படி நேரவரம்பு. 512 கேபிபிஎஸ்ஸில் வாட்ஸ்ஆப், யுபிஐ நன்றாக வேலை செய்யும், வீடியோ பார்க்க அலுப்பாக இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

மூன்றாவது, எஸ்கியூஎம் என்ற நெரிசல் சீராக்கும் நிரல். ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது மற்றவரின் அழைப்பு திணறாமல் இது பார்த்துக்கொள்ளும். நீங்கள் அளந்த வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை வரம்பாக வையுங்கள். அதில் ‘கேக்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் அதன் காலக்கணக்கு (கேள்வி போய்ப் பதில் வர எதிர்பார்க்கும் நேரம்) இயல்பாக 100 மில்லிநொடிக்கு அமைந்திருக்கும். அதை ‘சாட்டிலைட்’ என்ற அமைப்புக்கு மாற்றினால் 1000 மில்லிநொடி ஆகும். மாற்றாமல் விட்டால் உங்கள் இணைப்பு காரணமின்றி மெதுவாகும்.

ஏன் இந்த நீண்ட காலக்கணக்கு? உங்கள் டிஷ் பார்ப்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் சாட்டிலைட்டை. கேள்வி போய்ப் பதில் வர ஒளியின் வேகத்திலேயே அரை நொடி ஆகிறது, நடைமுறையில் 600 மில்லிநொடிக்கு மேல். ஒரு பக்கம் திறக்க மூன்று, நான்கு முறை போய்வர வேண்டியிருப்பதால் முதல் எழுத்து தெரியவே இரண்டு நொடி பிடிக்கிறது. பெரிய பிளான் வாங்கினாலும் இந்தத் தாமதம் குறையாது, ஆகவே அதற்காகப் பணம் போடாதீர்கள்.

இந்தத் தாமதத்தை மறைக்க மோடத்துக்குள் ஒரு முடுக்கி வேலை செய்யும். விபிஎன் (போகும் டேட்டாவை மறைகுறியாக்கி அனுப்பும் சேவை) போட்டால் அந்த முடுக்கியால் உள்ளே பார்க்க முடியாமல் போய், இணைப்பு பாதியாகச் சுருங்கிவிடும், கூடவே டேட்டாவும் சில விழுக்காடு கூடும். அலுவலகக் கட்டாயம் இல்லையென்றால் விபிஎன் வேண்டாம். குரோமும் யூடியூபும் பயன்படுத்தும் ‘குவிக்’ என்ற டேட்டா அனுப்பும் முறைக்கும் இதே சிக்கல் உண்டு. ரவுட்டரின் தடுப்புச் சுவரில், ‘குவிக்’ போகும் வழியான யுடிபி 443ஐ அடைத்தால் அவை பழைய டிசிபி முறைக்குத் திரும்பி, முடுக்கியின் உதவியைப் பெறும். ஒரு நாள் அடைத்துப் பாருங்கள், வேகம் கூடினால் அப்படியே விடுங்கள். விளம்பரத் தளங்களை டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) அளவிலேயே தடுக்கும் நிரலையும் ரவுட்டரில் ஏற்றுங்கள். செய்தித்தளம் ஒன்றைத் திறந்தால் செய்தியை விட விளம்பரம்தான் அதிகம் இறங்குகிறது.

ஓடிபி வரவில்லை என்று தவிக்கிறவர்களுக்கு: குறுஞ்செய்தி மொபைல் நெட்வொர்க்கில் வருவது. போனில் ‘வைஃபை காலிங்’ இருந்தால் இயக்கிவையுங்கள். சாட்டிலைட் வழியாகவே அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும், பேச்சில் ஒரு நொடி இடைவெளி தெரியும், அவ்வளவுதான். தனுஷ்கோடி, இராமேசுவரம் பக்கம் போகும்போது மட்டும் ரோமிங்கை அணையுங்கள், போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும்.

மொட்டைமாடியில் ஒரு கோடு வருகிறது என்றீர்களே, அதை வீணாக்க வேண்டாம். வெளி ஆண்டெனா மாட்டக்கூடிய 4ஜி ரவுட்டர் ஒன்றும், கோபுரத்தை நோக்கித் திருப்பிவைக்கும் திசை ஆண்டெனா ஒன்றும் போட்டால் அந்த ஒரு கோடு மூன்றாகலாம். நம் கரை தட்டையான நிலம், குறுக்கே மலை இல்லை. சீமைக்கருவேல மர மட்டத்துக்கு மேலே ஆண்டெனா நின்றால் தூரத்துக் கோபுரமும் எட்டும். கிடைத்தால் பெரிய கோப்புகளை எல்லாம் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, பில் போடுவதற்கும் வங்கிக்கும் சாட்டிலைட்டை வைத்துக்கொள்ளலாம்.

டிஷ்ஷைக் கவனிப்பதும் டேட்டாவைச் சேமிப்பதே. சிக்னல் பலவீனமானால் பாதியில் அறுந்த கோப்பு முதலிலிருந்து இறங்கும், போன எம்பி திரும்பாது. நம் கரையில் எதிரி உப்புக்காற்று. கேபிள் முனையில் உள்ள எஃப் கனெக்டருக்குள் ஈரம் புகுந்து செம்புக் கம்பியில் களிம்பு ஏறிவிடும். முறுக்கிப் போடும் கனெக்டர் வேண்டாம், அழுத்திப் பொருத்தும் வகையைப் போட்டு, மேலே தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரண்டு சுற்று, அதன் மேல் சாதாரணக் கறுப்பு டேப் ஒரு சுற்று. கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கே சொட்டிவிடும். நட்டு, போல்ட் 316 தரத் துருப்பிடிக்கா எஃகு, 304 கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துருவேறும்.

ஒரு மீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் 1.8 பாகை அளவுதான். ஒரு பாகை திரும்பினால் சிக்னல் பாதிக்கும் கீழே போய்விடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் முடிந்ததும் போல்ட்களை இறுக்கிப் பாருங்கள். வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாள் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் சிக்னல் எண்ணைச் சுவரிலேயே எழுதிவையுங்கள். பிறகு தெளிந்த வானத்தில் அது குறைந்தால் கோளாறு டிஷ்ஷிலோ கேபிளிலோதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழையில் உங்கள் டிஷ் பயன்படுத்தும் கேயூ அலைவரிசை மங்குவது இயற்கை, அரைமணி பொறுத்தால் வந்துவிடும், டிஷ்ஷைத் தொடாதீர்கள். மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள்கள் பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் அறுபடுவது, சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வருவதால். அதற்கும் மருந்தில்லை. பெரிய கோப்பு எதையும் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடு மேலாளர் வழியாகவே இறக்குங்கள். மின்சாரம் விட்டு விட்டு வந்தால் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் சிறு யுபிஎஸ் அவசியம்.

இலங்கையில் 2025 ஜூலையிலேயே ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இணையம் வந்துவிட்டது, அங்கிருந்து ஒரு டிஷ் வாங்கிவந்தால் என்ன என்று நம் பக்கம் கேட்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். உரிமம் இல்லாத சாட்டிலைட் கருவியை வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம். எல்லைக் கடல் பக்கம் என்பதால் இங்கே கண்காணிப்பும் கடுமை. இந்தியாவில் உரிமம் பெற்ற நிறுவனம் தன் பெயரில் தரும் கருவியை மட்டும் வையுங்கள்.

அடுத்த முறை பிளானைப் புதுப்பிக்கும்போது நிறுவனத்திடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: இரவில் கணக்கில் வராத நேரம் உண்டா, உண்டென்றால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? வரம்பு தாண்டிய பின் எத்தனை கேபிபிஎஸ்? கூடுதல் ஜிபியைத் தனியாக வாங்கினால் அது மாதக் கடைசியில் காலாவதியாகுமா? எத்தனை பேர் ஒரே அலைவரிசையைப் பகிர்கிறார்கள், குறைந்தபட்ச வேகத்துக்கு உறுதி உண்டா? நம் கரையில் இன்னொன்றும் கேட்கலாம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கூடத்தின் வேலை குறைந்துவிடும், அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் சின்னப் பிளானுக்கு இறங்கி, பிறகு அபராதம் இல்லாமல் பழையதற்குத் திரும்ப முடியுமா?